செவ்வாய்க்கிழமை பெண் கேட்டார்கள்

மாப்பிள்ளை வீட்டார் சனிக்கிழமை மாலைக் கப்பலில் வந்து இறங்கினார்கள். ஞாயிறு ஓய்வுநாள், எங்கள் தீவில் எதுவும் திறக்காது என்று பலமுறை எழுதியிருந்தேன். யாரும் நம்பவில்லை. மறுநாள் மழையில் நடந்துபோய் மூடிய தேநீர்க் கடையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

கல்யாண வாரங்களை ஏற்பாடு செய்வது என் தொழில். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் தேவாலயம், மண்டபம், பஸ், படகு, பேக்பைப் வாசிப்பவர் எல்லாம் நான்தான் பிடித்துத் தர வேண்டும். பெரும்பாலும் இந்த ஊரில் யாரையும் தெரியாதவர்கள் வருவார்கள். எஃபி அப்படியில்லை. என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிப் பிறந்தவள். நர்ஸ் வேலைக்குக் கனடா போனாள். அங்கே ஒரெஸ்ட்டைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு ஊருக்கு வருகிறாள், இருபது பேரைக் கூட்டிக்கொண்டு.

"ஊரைக் காட்டணும், டோலினா அக்கா. ஆனா அம்மா அப்பா தலையில எந்தப் பாரமும் விழக்கூடாது" என்று போனில் சொன்னாள்.

திங்கள் கடல் பாறைகள். புதன் நடுகற்கள். வியாழன் தறிக்கூடம். வெள்ளி கல்யாணம். செவ்வாய் மாலைக்கு என்ன என்று கேட்டேன்.

"ரேச்சாக் வைக்கலாமா?"

ரேச்சாக் என்றால் பெண் கேட்பது. மாப்பிள்ளை வாய் திறக்கக்கூடாது. அவனுக்காக வேறொருவர் பேசுவார். பெண்ணின் பெயரையோ கல்யாணம் என்ற சொல்லையோ யாரும் உச்சரிக்கக்கூடாது. ஒதுங்க இடமில்லாத ஆட்டுக்குட்டி ஒன்று இங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டோம் என்று ஆரம்பிப்பார். பெண்ணின் அப்பா வேறு இரண்டு மூன்று பெண்களை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார். ஒவ்வொருவரையும் மனம் நோகாமல் மறுக்க வேண்டும். கடைசியில் உண்மையான பெண் வருவாள். கொண்டுபோங்கள் என்று சொல்லி அப்பா விஸ்கி ஊற்றுவார். இப்போது வீடுகளில் இதைச் செய்வது குறைந்துவிட்டது. வெளியூர்க்காரர்களுக்காக நான் மண்டபத்தில் நடத்துவதுண்டு. அவர்களுக்குக் கோட்டைகளைவிட இது பிடிக்கும்.

"மண்டபத்துலதானே?"

"வீட்டுல. அப்பாதான் பேசணும்."

"டோர்மோட் பேசுவாரா?"

"அதுக்குத்தான் வைக்கச் சொல்றேன்."

கல்யாணச் செய்தியை அவள் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. அன்று டோர்மோட், "உடம்பு நல்லாயிருக்கா?" என்று கேட்டுவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை.

"கூட்டிட்டுப் போன்னு ஒரு தடவை அவர் வாயால சொல்லிட்டாப் போதும், அக்கா. அது வராம நான் எப்படி தேவாலயத்துக்குள்ள நடப்பேன்?"

"திரும்பி வர்றதப் பத்தி அவர்கிட்ட என்ன சொல்லியிருக்கே?"



"பார்க்கலாம்னு சொல்லியிருக்கேன்."

"எத்தனை வருஷமா?"

"அக்கா, புதன்கிழமை பஸ் எத்தனை மணிக்குன்னு சொன்னீங்க?"

எங்கள் ஊரில் நிலத்தை வைத்திருப்பவர் அதன் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும். சட்டம் அது. டோர்மோட்டுக்கு எஃபி ஒரே பிள்ளை; அவள் திரும்பாவிட்டால் நிலம் வேறு கைக்குப் போய்விடும். இந்த வசந்தத்தில் அவர் தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய வீட்டுக்குப் புதுக் கூரை போட்டார். எழுபத்திரண்டு வயதில் ஏணியில் நின்றார். யாருக்கு என்று கேட்டவர்களிடம், ஒழுகுது என்றார்.

செவ்வாய் மாலையும் மழைதான். டோர்மோட்டின் முன்னறையில் சுவரோரமாக எல்லோரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். எஃபியின் அம்மா பெல்லா ஈரக் கோட்டுகளைக் கை நிறைய வாங்கிக்கொண்டு நின்றாள்.

"இவ்வளவு கோட்டு மாட்ட இந்த வீட்டுல ஆணி ஏது? டோலினா, ஆட்டுக் கொம்புல மாட்டட்டுமா?"

எஃபி உள்ளறையில் இருந்தாள். ஒரெஸ்ட் ஜன்னல் பக்கம் இருந்தான். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. அறுவடை இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். வாயே திறக்கக்கூடாது என்று அவனிடம் சொல்லியிருந்தேன். அது எனக்குக் கஷ்டமில்லை என்றான்.

அவனுக்காகப் பேச வேண்டியவன் ஃபின்லே. என் பஸ்ஸை ஓட்டுபவனும் அவன்தான். எங்கள் கேலிக் மொழியில் பேசுவான், உடனே விருந்தாளிகளுக்காக இங்கிலீஷிலும் சொல்வான். வெளியே போய்க் கதவைத் தட்டினான்.

"யாரது?" என்றார் டோர்மோட்.

"வழி தப்பி வந்தவங்க, பெரியவரே."

"இருக்கறதே ஒரு ரோடு. அதுல வழி தப்பினியா? உன்னை நம்பி பஸ்ஸை யார் கொடுத்தது?"

எல்லோரும் சிரித்தார்கள்.  டோர்மோட் நன்றாகச் செய்வார் என்று தோன்றியது.

ஃபின்லே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். "இந்த வீட்டுல ஒரு குட்டி இருக்கறதாக் கேள்விப்பட்டோம். குளிர் வரப்போகுது, ஒதுங்க இடமில்லையாம். எங்க ஆள்கிட்ட நல்ல கொட்டகை இருக்கு."

"குட்டி நிறைய இருக்கு. இதுவான்னு பாரு."

முதலில் தபால் அலுவலகத்துக் கிறிஸ்ஸி வந்தாள். தலையில் மேஜை விரிப்பைப் போர்த்தியிருந்தாள். ஃபின்லே அவளைச் சுற்றி வந்தான்.

"ரோமம் அடர்த்தியாத்தான் இருக்கு. ஆனா இது ரொம்பக் கத்தும். யார் வீட்டுக்கு என்ன கடுதாசி வந்துச்சுன்னு மந்தை முழுக்கச் சொல்லிடும்."

"உன் வீட்டுக்கு வந்ததை இப்பவே சொல்லட்டுமாடா?"

"பாத்தீங்களா, கத்துது."

அடுத்து ஒரெஸ்ட்டின் தங்கை ஹாலினாவைப் பிடித்து நிறுத்தினார்கள். தன்னை ஏன் நிறுத்தினார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே நின்றாள்.

"நல்ல உயரம், நல்ல பல்லு" என்றான் ஃபின்லே. "ஆனா இது எங்க மந்தையிலேருந்து திருடினது மாதிரி இருக்கே, பெரியவரே?"

மாப்பிள்ளை வீட்டார் கை தட்டினார்கள். ஒரெஸ்ட்டின் மாமா எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

பெல்லா எஃபியை அழைத்து வந்தாள். எஃபி நீலக் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். ஃபின்லே குரலைத் தாழ்த்தினான். "இதுதான். இதைத் தேடித்தான் வந்தோம்."

இனி டோர்மோட் சொல்ல வேண்டியது ஒரு வரி. பாட்டில் அவர் பக்கத்தில் இருந்தது. அவர் மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"கொட்டகை எங்க இருக்கு?"

"கடலுக்கு அந்தப் பக்கம். பெரிய கொட்டகை. மேய்ச்சல் கண்ணுக்கு எட்டற தூரம்."

"அங்க போனா திரும்பி வருமா?"

இந்தக் கேள்வி சடங்கில் கிடையாது. ஃபின்லே என்னைப் பார்த்தான். "வழி தெரிஞ்ச குட்டிதானே..." என்று இழுத்தான்.

"நான் குட்டியக் கேக்கல. எஃபியப் பத்திக் கேக்கறேன்."

பெயரைச் சொல்லிவிட்டார். எங்கள் ஊர்க்காரர்கள் அசையவில்லை. கிறிஸ்ஸி தலையிலிருந்த விரிப்பை எடுத்து மடியில் வைத்தாள். ஃபின்லே பழக்கத்தில் அதையும் இங்கிலீஷில் சொன்னான். மாப்பிள்ளை வீட்டார் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மாமா விசிலடித்தார்.

டோர்மோட் ஒரெஸ்ட்டைப் பார்த்துத் திரும்பினார். இப்போது அவரே இங்கிலீஷில் பேசினார்.

"நீ சொல்லுப்பா. நீங்க ரெண்டு பேரும் இங்க வந்து இருப்பீங்களா?"

"அப்பா, அதை அப்புறம் பேசலாமே" என்றாள் எஃபி.

"உன்னைக் கேக்கல. உன்னைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு."

இந்த மாதிரி நேரத்துக்கு என்னிடம் சில வாக்கியங்கள் உண்டு. தேநீர் ஆறிவிடும், பைப் வாசிப்பவர் வந்துவிட்டார், இப்படி. ஒன்றை எடுத்தேன். பெல்லா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடு. கேக்கட்டும்."

ஒரெஸ்ட் எழுந்து நின்றான். எஃபியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க" என்றான். "இருக்கறதுக்கு வர மாட்டோம். வருஷா வருஷம் பாக்க வருவோம். என் வேலை அங்க. அவளும் அங்கயே இருக்கணும்னுதான் சொல்றா. உங்ககிட்ட சொல்லியாச்சுன்னு நினைச்சேன்."

சிரிப்பு ஒரு பக்கத்திலிருந்து நின்றுகொண்டே வந்தது. மாமா போனை இறக்கினார். ஒரெஸ்ட்டின் அம்மா லெஸ்யா கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"எனக்குச் சொல்ல வரலப்பா" என்றாள் எஃபி.

"நானும் கேக்க வேண்டிய மாதிரி கேக்கல" என்றார் டோர்மோட். "உனக்குப் பார்க்கலாம்னு சொல்றது சுலபமா இருந்துச்சு. எனக்கும் அதைக் கேக்கறது சுலபமா இருந்துச்சு."

எழுந்து வெளியே போனார். தொப்பி எடுத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பழைய வீட்டின் முன்னால் போய் நின்றார்.

மாமா என் பக்கம் குனிந்தார். "இது சடங்குல வர்றதா?"

"இல்லை" என்றேன்.

எஃபி கதவை நோக்கிப் போனாள். பெல்லா குறுக்கே நின்றாள்.

"உக்காரு."

"மழையில நிக்கறார்மா."

"அந்தாளு மழையிலதான் பொறந்தார். உக்காரு. இப்ப நீ போனா உனக்காகத் திரும்பி வருவார். தானா வரட்டும்."

எஃபி உட்கார்ந்தாள். ஒரெஸ்ட் அவள் பக்கத்தில் போய் நின்றான். தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று என்னிடம் கண்ணால் கேட்டான்.  பெல்லா எல்லோருக்கும் கேக் வெட்டினாள். வாங்கிக்கொண்டார்கள், யாரும் சாப்பிடவில்லை. நான் வெள்ளிக்கிழமையை நினைத்தேன். தேவாலயத்தில் முன் வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தால் எஃபி உள்ளே நடக்க மாட்டாள். அவளை எனக்குத் தெரியும்.

கதவு திறந்தது. டோர்மோட் தலைமுடியிலிருந்து தண்ணீர் வடிந்தது. தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்க விட்டோம், ஃபின்லே?"

ஃபின்லே தொண்டையைச் செருமினான். "கொட்டகைல, பெரியவரே."

"ஆமா. ஒழுகுமா அது?"

ஃபின்லே வாயைத் திறப்பதற்குள் ஒரெஸ்ட் சொன்னான். "ஒழுகாதுங்க."

"மாப்பிள்ளை பேசக்கூடாதுன்னு இவனுக்கு யாரும் சொல்லலையா?"

"சொன்னேன், டோர்மோட்" என்றேன். "கஷ்டமில்லைன்னான்."

கிறிஸ்ஸிதான் முதலில் சிரித்தாள். பிறகு ஃபின்லே. மாப்பிள்ளை வீட்டார் சிரிக்கலாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டோர்மோட் பாட்டிலைத் திறந்தார். முதல் கோப்பையில் ஊற்றினார்.

"கொண்டு போங்க" என்றார், கோப்பையைப் பார்த்து. பிறகு நிமிர்ந்து எஃபியைப் பார்த்தார். "கொண்டு போங்க. நல்லா வெச்சுக்கங்க."

ஃபின்லே இதை இங்கிலீஷில் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. எஃபி கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினாள். குடிக்க முடியாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"குடி, கண்ணு" என்றாள் பெல்லா. "நல்ல பாட்டில் அது. அவருக்கு மனசு மாறறதுக்குள்ள குடி."

புதன் காலை மழை விட்டிருந்தது. விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு பஸ் டோர்மோட் வீட்டு வாசலில் எஃபிக்காக நின்றது. அவள் ஏறினாள். அவளுக்குப் பின்னால் டோர்மோட் நின்றார். தேவாலயத்துக்குப் போடும் கோட்டு.

"டவுனுக்கா?" என்றான் ஃபின்லே.

"கல்லுங்களைப் பாக்க. இடம் இருக்கா?"

"அந்தக் கல்லுங்க நடுவுல வாழ்நாள் பூரா ஆடு ஓட்டியிருக்கீங்க."

"ஆட்டைப் பாத்துக்கிட்டே போனேன். கல்லை எங்க பாத்தேன்?"

பெல்லா வாசலிலிருந்து கத்தினாள். "இன்னிக்கு ரோமம் கத்தரிக்கறதாச் சொன்னீங்க!"

"ஈரமா இருக்கு. காயட்டும்."

"மத்தியானம் காஞ்சுட்டா?"

"ஆடு எங்கயும் போயிடாது."

அவர் ஏறினார். காலியாக இருந்தது லெஸ்யாவின் பக்கத்து இருக்கை மட்டும்தான். அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டோர்மோட் உட்கார்ந்து கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். பஸ் மேட்டில் ஏறியது. அவருடைய நிலத்தைத் தாண்டும்போது லெஸ்யா ஜன்னலைக் காட்டி, இந்த ஆடுகள் யாருடையவை என்று கேட்டாள்.

"என்னோடது" என்றார். "என் காலம் வரைக்கும்."

அவள் தலையசைத்தாள்.  ஃபின்லே ஒலிபெருக்கியில் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். டோர்மோட் அதைக் கேட்கவில்லை. சற்று தூரம் போனபிறகு லெஸ்யாவின் பக்கம் திரும்பினார்.

"உங்க ஊர்ல குளிர் எப்படி? இவளுக்குச் சின்ன வயசிலேருந்து நெஞ்சுல சளி கட்டும்."

"பூஜ்யத்துக்குக் கீழ நாற்பது டிகிரி வரைக்கும் போகும். ஆனா வறண்ட குளிர். சளி பிடிக்காது."

"வறண்ட குளிர்" என்றார் டோர்மோட்.

அப்படி ஒன்றை அவர் கண்டதில்லை. எங்களில் யாரும் கண்டதில்லை. பின் இருக்கையிலிருந்த எஃபியைத் திரும்பிப் பார்த்து, அது உண்மையா என்று கேட்டார்.