நாலு விரல் ஓரம்

1958 வைகாசியில் கல்யாணமான நாளிலிருந்து இசபெல்லாவால் மூஞ்சிக்கல் திருப்பத்தைத் தாண்ட முடியவில்லை. காலில் நோவு ஒன்றும் கிடையாது. திருப்பம் வரை எல்லாரையும் போல நடப்பாள், அதற்கு மேல் முந்தானையை யாரோ பிடித்தது போல நின்றுவிடுவாள். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் பஸ் போய்விடும், அவள் ரோட்டில் நிற்பாள். கண்டக்டர் குழந்தைவேல் இரண்டு தடவை பார்த்துவிட்டு அவளுக்கு டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டான். ஐப்பசி, கார்த்திகைப் பனிமூட்டத்தில் துணி கொஞ்சம் தளரும், அப்போது வெள்ளி அருவி வரை போய்வரலாம். மாசி வெயிலில் மாதா கோயில் வாசலே அவளுக்கு எல்லை. உருளைக்கிழங்கு எந்த மாதத்தில் விலை ஏறும் என்பதைப் போல இதுவும் ஊருக்குத் தெரிந்த சங்கதி.

துணி என்றால் அவள் அம்மா கித்தேரியம்மாள் இழுத்துக் கட்டிய துணி. மிஷன் தையல் கூடத்தில் பெண்கள் பூத்தையல் போட்டு முடித்ததைக் கண்ணாடிச் சட்டத்துக்குத் தயார் செய்வது கித்தேரியம்மாளின் வேலை. துணியை அட்டைமேல் விரித்து, இழை கோணாமல் குண்டூசி குத்தி, ஓரங்களைப் பின்னால் மடிப்பாள். பிறகு கெட்டி நூலால் அந்த ஓரத்துக்கும் இந்த ஓரத்துக்குமாக, கயிற்றுக் கட்டில் பின்னுவது போல, நடுவிலிருந்து பின்னிக்கொண்டு போவாள். முதலில் இடம் வலம், அப்புறம் மேல் கீழ். கடைசியில் ஒவ்வொரு நூலாக இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டால் முன்பக்கம் தமுக்கு மாதிரி விண்ணென்று நிற்கும். ஆணியும் பசையும் அவளுக்கு ஆகாது. ஓரத்தில் நாலு விரல் வெறும் துணி மட்டும் வேண்டும்.

அவள் இறுக்கியது இருந்த இடத்தை விட்டு நகராது. ஏரிக்கரை பங்களாவில் இருந்த ஒரு வெள்ளைக்காரியம்மாள், தன் நாய் வராந்தாவில் படுத்திருப்பதைத் தைத்துக் கொடுத்தாள். முடிச்சு விழுந்த மறுநாளிலிருந்து நாய் வராந்தாவை விட்டு இறங்கவில்லை. வெள்ளைக்காரியம்மாள் சட்டத்தோடு கப்பலேறிவிட்டாள். நாய் கண் அவிந்து, பல் கொட்டி, சாகவும் சாகாமல் அங்கேயே கிடந்தது. பங்களா பல கை மாறியது, வாங்கியவர்கள் நாயையும் சேர்த்தே வாங்கினார்கள். வேறொரு துரை, அவள் கட்டிக்கொடுத்த தன் தோட்டத்துப் பேரிமரப் படத்துக்குச் சட்டம் மாற்றப்போய் நூலை அறுத்தார். விடிந்து பார்த்தால் மரம் கசக்கி எறிந்த கைக்குட்டையாகத் தோட்டத்தில் கிடந்தது. அதற்குப் பிறகு அவள் நூலில் யாரும் கை வைக்கவில்லை.

கித்தேரியம்மாளின் புருஷன் சூசைமாணிக்கம், ஒருநாள் வெள்ளகவிப் பாதை வழியாகப் பெரியகுளத்துக்கு இறங்கியவன், கொடியில் காய்ந்த வேட்டியை எடுக்கக்கூடத் திரும்பவில்லை. அவளுக்கு மிஞ்சியது மகள்தான். அந்த மகளைத் தாண்டிக்குடி காப்பித் தோட்டத்து ஜீப் டிரைவர் பரமானந்தம் கேட்டு வந்தான். மூன்று ஞாயிறும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள், யாரும் தடை சொல்லவில்லை. கித்தேரியம்மாளும் சொல்லவில்லை.

தையல் கூடத்துப் பெண்கள் புருஷன் வீட்டுக்குப் போகையில் பிறந்த வீட்டைத் தைத்து எடுத்துப்போவது வழக்கம். இசபெல்லாவும் தைத்தாள். தகரக் கூரை, வாசல், வாசற்படியில் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாகத் தன்னையும் தைத்தாள். அங்கேதான் புத்தி பிசகியது. அம்மாவைத் தெரிந்தவள்தான், அதனால் ஓரத்தில் நகக்கண் அளவுகூட விடாமல் ஒட்ட வெட்டி, சுருட்டிப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். ஓரம் இல்லாத துணியை எவளாலும் இழுத்துக் கட்ட முடியாது என்று நம்பினாள். கித்தேரியம்மாள் சூசைமாணிக்கத்தின் வேட்டியைக் கிழித்து நாலு பக்கமும் ஒட்டுப் போட்டாள்.

தாலி கட்டிய அன்று சாயங்காலம் ஜீப் மூஞ்சிக்கல்லில் திரும்பியது. பேசிக்கொண்டே போன பரமானந்தம், பதில் வராததால் பக்கத்தில் பார்த்தான். சீட்டில் மாலை மட்டும் இருந்தது. பெண் பின்னால் ரோட்டில் நின்றாள்.

"ஏ புள்ள, வெளையாடுற நேரமா இது? வெரசா ஏறு."

"ஏறித்தான உக்காந்திருந்தேன்? நீங்கதான் விட்டுட்டுப் போறீங்க."

எத்தனை தடவை ஏற்றினாலும் அதேதான். வாசலுக்கு வெளியே தைத்த காலுக்கு அவ்வளவுதான் தூரம். வீட்டுக்குத் திரும்பி வந்தபோது சட்டம் சுவரில் தொங்கியது. கித்தேரியம்மாள் அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. "எங்கடி போயிருவ? கஞ்சி கெடக்கு, ஊத்திக் குடி" என்றாள். மாப்பிள்ளையும் இங்கேயே இருந்துகொள்ளலாம் என்றாள். "வீட்டோட கெடக்குறதுக்கு நான் என்ன அந்தப் பங்களா நாயா?" என்று பரமானந்தம் வண்டியை எடுத்தான். கொஞ்ச காலம் ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பித்தூளோடு வந்தான். பிறகு காப்பித்தூள் மட்டும் யார் கையிலாவது வந்தது. பிறகு அதுவும் நின்றது. கன்னிவாடிச் சந்தைப் பக்கம் ஒருத்தியோடும் பிள்ளைகளோடும் இருக்கிறான் என்று சொன்னார்கள்.

இசபெல்லா அழவில்லை. தையல் கூடத்தில் அம்மாவுக்குப் பக்கத்து மணையில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்தாள். ஒருமுறை வீட்டுக் கோழி ஒன்றைத் தைத்து இழுத்துக் கட்டிப் பார்த்தாள். அந்தக் கோழி மூலையை விட்டு நகரவும் இல்லை, அறுத்தாலும் சாகாததால் அதைக் குழம்பு வைக்கவும் முடியவில்லை. கைவாகு தனக்கும் இறங்கியிருக்கிறது என்று தெரிந்துகொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

1967இல் கித்தேரியம்மாள் நெஞ்சில் சளி கட்டிப் படுக்கையில் விழுந்தாள். கோயில் சாமியார் வந்து, சாகப்போகிறவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார். சவப்பெட்டிக்கு ஆண்டிச்சாமி ஆசாரியிடம் சொல்லியாயிற்று. கிழவிக்குச் சாவதில் வருத்தமில்லை.

"நான் கண்ண மூடிட்டா முடிச்சு தன்னால விட்டுரும் புள்ள. நீ போயிரலாம்."

"எங்க போகச் சொல்ற? நான் இருக்க வேண்டிய எடத்துல இன்னொருத்தி புள்ள பெத்து வச்சிருக்கா."

இசபெல்லா கட்டிலடியிலிருந்து ஒரு துணியை எடுத்து விரித்தாள். இந்த வீட்டின் உள்பக்கம், கட்டில், கட்டிலில் கித்தேரியம்மாள். கிழவி பழக்கதோஷத்தில் இழையைத் தடவிப் பார்த்தாள். "கோணல் இல்ல" என்றாள். அப்புறம்தான் புரிந்தது. "வேணாம் புள்ள. விட்ரு."

"நாலு விரல் ஓரம் விட்டுருக்கேம்மா. ஒன்ன மாதிரி ஒட்டுப் போடுற சோலியே இல்ல." அம்மாவின் கண்ணெதிரே நடுவிலிருந்து பின்னினாள். இடம் வலம், மேல் கீழ். கடைசி நூலை இழுக்கும்போது, "எங்கம்மா போயிருவ?" என்றாள்.

ஆண்டிச்சாமி அந்தப் பெட்டியை வேறு பிணத்துக்குக் கொடுத்துவிட்டான். கித்தேரியம்மாளுக்கு இப்போது கண் தெரியவில்லை, பல் இல்லை. ரேஷனில் இன்னும் இரண்டு பேருக்குச் சர்க்கரை போடுகிறார்கள். ஐப்பசிப் பனி இறங்கித் துணி தளரும்போது கிழவிக்கு மூச்சு இழுக்கும், கை கால் சில்லிடும், முகத்தில் ஒரு நிம்மதி வரும். அதே பனியில் இசபெல்லா மூஞ்சிக்கல்லைத் தாண்டி வெள்ளி அருவி வரை நடந்து, சாரலில் நின்று, கீழே போகும் பஸ்களைப் பார்ப்பாள். குழந்தைவேல் மணியடித்து, "என்னக்கா, இந்த வருசம் பனி பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போவான். பொழுது சாய்வதற்குள் அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள். வந்ததும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, அம்மாவின் சட்டத்தைக் குப்புறத் திருப்பி, தொய்ந்த நூல்களை ஒவ்வொன்றாக இழுத்து இறுக்கிய பிறகுதான் விளக்கேற்றுவாள்.