ஈரப் பஞ்சு

ரம்சி இறந்து முப்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. எந்தக் கோயிலில் அடக்கம் என்பது இன்னும் முடிவாகவில்லை.

அவர் மகள் மரீனா வெந்த கோதுமையை வடித்துக்கொண்டிருந்தாள். சமையலறை மேசையின் ஒரு பக்கம் அம்மாவின் அண்ணன் ஸ்பிரோஸ், கிரேக்கக் கோயிலின் பாடகர். எதிரே அப்பாவின் தம்பி பிஷாய், எகிப்தியக் கிறிஸ்தவர்களின் காப்டிக் கோயிலில் பூசைக்கு உதவும் டீக்கன். காலை ஒன்பது மணிக்கே மெல்போர்ன் வெயில் கொதித்தது. இவர்கள் அதற்கும் மேலே.

"அண்ணனுக்கு ஞானஸ்நானம் எங்க கோயில்ல," என்றார் பிஷாய்.

"கல்யாணம் எங்க கோயில்லய்யா."

"பாதி ஞாயிறு எங்ககிட்டதான் வந்தாரு!"

அது உண்மை. அப்பா ஒரு ஞாயிறு அங்கே, ஒரு ஞாயிறு இங்கே. இரண்டிலும் கடைசி வரிசை. அம்மாவின் கோயிலில் வலத்திலிருந்து இடமாகச் சிலுவை வரைவார், தன் கோயிலில் இடத்திலிருந்து வலமாக. ஒரு நாளும் கை தடுமாறியதில்லை.

"நீதானேம்மா கூட இருந்தே," என்று பிஷாய் அவள் பக்கம் திரும்பினார். "அண்ணன் கடைசியா சிலுவை போட்டப்போ எந்தப் பக்கத்துலேர்ந்து போட்டாரு?"

"பக்கவாதத்துல வலது கை விழுந்துபோச்சு சித்தப்பா. எந்தப் பக்கமும் போடல."

"மனசுக்குள்ள போட்டிருப்பாரு," என்றார் ஸ்பிரோஸ். "வலத்துலேர்ந்து."

மரீனா பானையை ஓசையோடு வைத்தாள்.

அம்மா எவன்தியா சவ அடக்கப் படையலுக்கான கோதுமையைத் துண்டில் பரப்பினாள். அவள் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. "ஒரு வார்த்தைகூடச் சொல்லலையாடி?"

"தூக்கத்துலயே போயிட்டார்மா. நிம்மதியா."

மரீனா இதைச் சொல்வது நேற்றிலிருந்து ஐந்தாவது முறை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக வேலை செய்கிறாள். ஒரு முடிவைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. இந்த ஒன்றை உள்ளபடி சொன்னால் அம்மா தன் முகத்தில் விழிக்கமாட்டாள் என்று நினைத்தாள்.

சவ அடக்கக்காரர் மறுபடியும் போன் செய்தார். மத்தியானத்துக்குள் பதில் வேண்டும்.

"இன்னும் பேசிட்டிருக்காங்க," என்றாள் மரீனா. "ரெண்டு கோயிலும் பிரிஞ்சதுலேர்ந்து, ஆயிரத்தைந்நூறு வருஷமாப் பேசறாங்க."

ஸ்பிரோஸ் காதில் அது விழவில்லை. "யோவ் பிஷாய், சிலுவையில ஆண்டவர் 'தாகமா இருக்கேன்'னாரே, அதைச் சொன்னது யாரு? அவரோட மனுஷ சுபாவம். கடவுளுக்கு எங்கேயாவது நாக்கு வறளுமா?"

"அதென்ன, பாதி ஆளுக்குத் தாகம், பாதி ஆளு வேடிக்கை பாத்தாரா? அவரே கடவுள், அவரே மனுஷன், பிரிக்க முடியாது. தாகம் எடுத்தது அவருக்கு. முழுசா."

"சுபாவம் ரெண்டு. ஆள் ஒண்ணு. அதைத்தான் சொல்றேன்."

"நானும் ஆள் ஒண்ணுன்னுதானே சொல்றேன்!"

"அப்புறம் எதுக்கய்யா கத்தறே?"

"நீங்க கத்தறீங்க!"

"ஐயோ, செத்தவர் வீடு இது," என்றாள் அம்மா.

ஸ்பிரோஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார், வாதத்தை விடவில்லை. "சரி, காடியில தோய்ச்ச பஞ்சைச் சிப்பாய் நீட்டினானே, அது எதுல பட்டுது? உதட்டுல. உதடு மனுஷ உதடு."

"உதட்டை மட்டும் தனியா வச்சுக்குங்க. பஞ்சை யாருக்கு நீட்டினான்? அதைச் சொல்லுங்க மாமா."

மரீனா அலமாரியைத் திறந்தாள். அப்பாவின் கண்ணாடி டம்ளர் முன்னாலேயே இருந்தது. அதைக் குழாயில் நிரப்பினாள். விளிம்பு வரை நிரம்பி, விரல்களில் வழிந்தது. கொண்டுவந்து இருவருக்கும் நடுவே வைத்தாள்.

"யாரும் கேக்கலம்மா," என்றார் பிஷாய்.

"அப்பா கேட்டார்."

அம்மாவின் கை கோதுமையில் நின்றது.

"முழுங்க முடியாது, வாயில எதுவும் குடுக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மேல எழுதியிருந்துது. பஞ்சை நனைச்சு உதட்டைத் துடைக்கலாம், அவ்வளவுதான். துடைச்சேன். அதைப் பல்லால கடிச்சு இழுத்தார். நான் பிடுங்கிட்டேன். மூணு தடவை தண்ணி தண்ணின்னார்மா. நான் குடுக்கல."