பால் கொடுக்கும் வேளை

ஈரைந்து திங்கள் சுமந்து பெற்றவர்களும் இன்னும் சுமந்துகொண்டிருப்பவர்களுமாக அந்த மருத்துவமனைக் கூடத்து நாற்காலிகள் நிறைந்திருந்தன. சுமந்தும் பெற்றும் வெறும் மடியோடு உட்கார்ந்திருந்தவள் ஒருத்திதான். பேருந்து நடத்துநர் அவள். ஆறு வாரங்களுக்கு முன் பிறந்த அவள் மகள், ஒன்றரை நாள் இந்த மண்ணின் காற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, போதும் என்று கண்மூடிவிட்டாள். கொடுத்தவனே எடுத்துக்கொண்டான் என்றார்கள் வந்தவர்கள். கொடுத்த கை எது, எடுத்த கை எது என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை.

பக்கத்தில் நாத்தனார். இயல்பிலேயே வாய் ஓயாதவள். எதிரே இருந்த குழந்தைகளின் மேல் அண்ணியின் கண் படக்கூடாதென்று அந்த வாய் இன்று இரட்டிப்பாக உழைத்தது.

"பாருங்க அண்ணி, என்னமா இடிச்சுக்கிறாங்க! நீங்க எழுந்து ஒரு விசில் ஊதுங்க, மொத்தக் கூட்டமும் வரிசையில நின்னுடும்."

"சும்மா இருடி."

"'உள்ள போ, உள்ள போ'ன்னு ஒரு சத்தம் போடுங்க. அந்த நர்ஸம்மாவே உள்ள போயிடுவாங்க."

அவள் உதட்டோரம் அசைந்தது, உடனே அடங்கியது. சிரிக்க அவளுக்கு அச்சம். சிரித்தாலும் தும்மினாலும் படியிறங்கினாலும் சிறுநீர் கசிந்தது. குழந்தையைத் தாங்கிய இடுப்பின் அடித்தளத் தசைகள் குழந்தை போனபின்னும் தளர்ந்தே கிடந்தன. அந்த உடம்போடு, குலுங்கும் வண்டியில் நாளெல்லாம் நிற்பதற்குத்தான் இன்று அவள் உடல்தகுதிச் சான்று வாங்க வந்திருந்தாள். கையெழுத்துக் கிடைத்தால் திங்கட்கிழமை பணிமனையில் சேரலாம். வீட்டின் நிசப்தத்திலிருந்து தப்புவதற்கு அவள் அறிந்த வழி அது ஒன்றுதான்.

பெயர் அழைக்கப்பட்டது. இருவரும் உள்ளே போனார்கள்.

இயன்முறை மருத்துவர் காலையிலிருந்து நின்ற கால் மாறாமல் நின்றவர். ஆயினும் முகத்தில் களைப்பைக் காட்டாதவர். எட்டாம் மாதத்தில் அவளுக்கு அந்தத் தசைகளுக்கான பயிற்சி சொல்லித்தந்தவரும் அவரே. பிள்ளை பெற்றபின் பயிற்சியை மறப்பது தாய்மார்களின் வழக்கம் என்பதால், அவர் அதற்கொரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். "நீங்க மறந்தாலும் குழந்தை மறக்காது. பால் குடுக்க உட்காரும்போதெல்லாம் பத்துத் தடவை உள்ளே இழுத்து, மேலே தூக்கி, விடுங்க" என்பார். அச்சிட்ட அட்டையொன்றும் தருவார். அதன் தலைப்பு, 'பால் கொடுக்கும் வேளை'. நாளொன்றுக்கு எட்டுக் கட்டங்கள்.

பிரசவம் வேறு மருத்துவமனையில் நடந்தது. அதன் பின் நடந்ததும் இங்கிருந்த கோப்பில் ஏறவில்லை.

"அட்டையைக் கொண்டு வந்தீங்களா?"

அவள் நீட்டினாள். மருத்துவரின் புருவம் உயர்ந்தது. ஒரு கட்டம்கூட விடுபடவில்லை. விடியல், முற்பகல், உச்சி, அந்தி, நடுச்சாமம் என்று எல்லாவற்றிலும் ஒரே அளவில் குறி இடப்பட்டிருந்தது.

"அடேயப்பா! என் சர்வீஸ்ல இப்படி ஒரு அட்டையைப் பார்த்ததில்லை. பாப்பா கடிகாரத்தை முழுங்கிட்டுப் பொறந்தாளா என்ன? டான் டான்னு பால் கேக்குறா!"

நாத்தனாரின் கை அண்ணியின் தோளுக்குப் போனது.

"பாப்பா இல்லை மேடம்" என்றாள் அவள். குரல் கல்போல் இருந்தது. "நீங்க சொன்ன வேளைக்கு எழுந்து உட்கார்ந்தேன். சொன்னதைப் பண்ணினேன். அவ்வளவுதான்."

மருத்துவர் அட்டையை மேசைமேல் வைத்தார். மன்னிப்பென்னும் சொல் தொண்டைவரை வந்து, அது எவ்வளவு சிறியது என்பதைக் கண்டு நாணியதுபோல் மெல்ல வெளிப்பட்டது.

"மன்னிச்சிடுங்க அம்மா. கேட்டுட்டுப் பேசியிருக்கணும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? என்னைச் சோதிச்சுப் பாருங்க மேடம். திங்கக்கிழமை நான் வேலைக்குப் போகணும்."

நாத்தனார் வெளியே சென்றாள். திரை இழுபட்டது. மருத்துவர் அவள் இசைவைக் கேட்டு, கையுறை அணிந்து சோதித்தார்.

"இழுங்க."

அவள் இழுத்தாள். அட்டையின் அத்தனை குறிகளுக்கும் உரிய வலிமையை எதிர்பார்த்திருந்த விரலுக்குத் துவண்ட நூலின் அசைவே தென்பட்டது. தசை மேலெழவில்லை, கீழ்நோக்கி முட்டியது. மருத்துவர் அவள் முகத்தை நோக்கினார். தாடை இறுகி, கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"மூச்சை அடக்குறீங்க. அடக்கினா பாரமெல்லாம் கீழதாம்மா இறங்கும். இத்தனை நாளும் இப்படித்தானா?"

"விட்டா அழுகை வந்துடும் மேடம். என் வீட்டுக்காரர் பக்கத்துலதான் படுத்திருப்பார். நான் நல்லா இருக்கேன்னு நினைச்சுத்தான் அவர் சாப்பிடுறார்."

ஆறு வாரம் நோன்புபோல் நோற்ற பயிற்சி அத்தனையும் அவள் தசைகளை மேலும் தளர்த்தவே உதவியிருந்தது. அதைச் சொல்லாமல் விடவும் மருத்துவரால் முடியவில்லை, சொன்னார். சொல்லிவிட்டு, "இப்ப கையெழுத்துப் போட மாட்டேன். இன்னும் ஆறு வாரமாவது வேணும்" என்றார்.

"முடியாது மேடம்." அவள் முழங்கையூன்றி எழ முயன்றாள். "பஸ்ஸுல யாராவது ஏறிக்கிட்டே இருப்பாங்க, இறங்கிக்கிட்டே இருப்பாங்க. வீட்டுல யாரு வர்றா? ஒரு கையெழுத்துதானே. கண்டும் காணாம போட்டுடுங்க."

"இந்த நிலைமையில நாளெல்லாம் நின்னா கர்ப்பப்பையே கீழ இறங்கிடலாம். ஒரு தப்பு ஏற்கெனவே செஞ்சுட்டேன். தெரிஞ்சே இன்னொன்னு செய்யச் சொல்லாதீங்க."

அவள் முழங்கையைத் தளர்த்தி மறுபடி படுத்தாள். "அப்ப எப்படிப் பண்றது? சொல்லுங்க" என்றாள்.

"வாயால ஊதுங்க. வேகமா வேணாம். ஊத ஊத மேலே தூக்குங்க."

அப்போது கூடத்தில் ஒரு பச்சிளங்குழந்தை வீறிட்டது. வற்றிவிட்டதென்று எண்ணியிருந்த மார்பு, கேட்ட கணத்திலேயே கனத்துக் கூசியது. அது எவருடைய குழந்தை என்று அந்தப் பேதை உடம்பு கேட்கவில்லை. மருத்துவர் விருட்டென்று எழுந்து, கூடத்துப் பக்கம் பாதி திறந்திருந்த சன்னலைச் சாத்தப் போனார்.

"சாத்தாதீங்க."

மருத்துவர் நின்றார்.

"இருக்கட்டும் மேடம். கேக்கட்டும்."

அவள் ஊதினாள். முதலில் காற்று மட்டும் வந்தது. பிறகு அதன் பின்னே ஓர் ஒலி, ஆறு வாரம் பல்லின் பின்னே நின்ற ஒலி, பெருங்கேவலாகப் புறப்பட்டது. மருத்துவர் எத்தனை தடவை என்று எண்ணவில்லை. அவள் கையைப் பற்றிக்கொண்டு மண்டியிட்டார்.

வெளியே, தாய் எடுத்து மார்பில் அணைத்திருக்க வேண்டும்; குழந்தையின் அழுகை நின்றது. உள்ளே நிற்கவில்லை.