இ-யில் முடியும் கதை

1

இந்தக் கதையில் எனக்குச் சந்தேகம் ஒரு மரத்தைப் பற்றித்தான். கல்லங்குறிச்சி பெருமாள் கோயில் பக்கம் ஒரு வேப்பமரம். அது மதிலுக்கு உள்ளே நின்றதா, வெளியே நின்றதா என்று நினைவில்லை. நிழல் நினைவிருக்கிறது. நிழலில் விரித்திருந்த நீலத் தார்ப்பாய் நினைவிருக்கிறது. அதில் உட்கார்ந்திருந்த மிசோரம்காரர் ஒருவரின் புது வேட்டி, கடை மடிப்பு கலையாதது, அதுகூட நினைவிருக்கிறது. மரம் மட்டும் மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாறிக்கொண்டே இருக்கிறது.

இதை எழுதச் சொன்னது அவர் மனைவி புயி. போன மாதம் எதிர்வீட்டுக் கவிதா கையில் போனோடு வந்து, "அண்ணே, பூவு அக்கா பேசறாங்க" என்று என் முகத்துக்கு நேரே நீட்டினாள். திரையில் புயி.

"சுதர்சனா, எங்க கத எழுதுங்க. ஆனா சோகம் வேணாம். உங்க மூஞ்சி சோகம். கதைக்கு வேணாம்."

நான் அதிகம் பேசாதவன். திருமானூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் ஜன்னலோரம் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதே என் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர்களும் அவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரர்களும் சத்தமாகப் பேசுகிறவர்கள். ஆகவே கதை என் காதில் விழுந்தது. விழாததை நானே போட்டுக்கொண்டேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

[கொள்ளிடத்தின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு மார்கழி விடியலில், அந்நியர் மூவர் பஸ்ஸிலிருந்து இறங்கி—]

அடித்துவிட்டேன். அவர்கள் வந்தது சித்திரை மாதம், மத்தியானம், ஒரு ஷேர் ஆட்டோவில். இரண்டாவது தொடக்கம்:

[தொலைதூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு எல்லா ஊரும் முதலில் ஒரு சத்தம்தான், பிறகு அந்தச் சத்தம்—]

பிறகு அந்தச் சத்தம் என்ன ஆகும் என்று எனக்கே தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கணவர் சோதன்சங்கா. அவரது சபை அவரை ஊழியத்துக்காக இங்கே அனுப்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் ஓட்டுக் கொட்டகையில் நாலைந்து குடும்பங்களுக்கு ஜெபம் நடத்துவார். மற்ற நாட்களில் சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பார். மனைவி லால்ரின்புயி. மகள் மிமி, மூன்றாம் வகுப்பு. கவிதாவின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடிவந்தார்கள்.

ஊர், சோதன்சங்காவை ஒரே வாரத்தில் 'சங்கர் சார்' ஆக்கியது. லால்ரின்புயி 'பூவு' ஆனாள். புயியும் சும்மா இருக்கவில்லை. அவர்கள் மொழியில் ஆண் பெயர் என்றால் ஆ-வில் முடிய வேண்டும், பெண் பெயர் என்றால் இ-யில் முடிய வேண்டும். கவிதா என்று ஒரு பெண் இருப்பது அவள் நாக்குக்கு ஒத்துவரவில்லை. 'கவிதி' என்றாள். கவிதாவின் கணவன் மணிவேல் 'மணிவேலா' ஆனான்.

"அந்தப் புள்ள எம் மவன, சாமியக் கூப்புடற மாதிரி கூப்புடுதுடி" என்று மணிவேலின் அம்மா அம்மாக்கண்ணுக்கு ஒரே சந்தோஷம்.*

* நானும் அப்படித்தான் சுதர்சனா ஆனேன். வேறு யாரும் என்னை அவ்வளவு பக்தியோடு கூப்பிட்டதில்லை.

3

இங்கே ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. அம்மாக்கண்ணு மாமியார். மாமியாரைக் கொஞ்சம் கொடுமைக்காரியாக எழுதினால் கதை தானாக நகரும். இரண்டு பக்கம் எழுதியும் பார்த்தேன். ஆனால் நிஜ அம்மாக்கண்ணு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே ஜன்னல் வழியாக, "என்ன தம்பி, இன்னிக்கும் எழுத்தா? சாப்புட்டியா?" என்று கேட்கிறார். கேட்பவரை எப்படிக் கொடுமைக்காரி ஆக்குவது?

அவர் வாய் மட்டும் கொஞ்சம் நீளம். புயி வீட்டில் பால் ஊற்றாமல் டீ குடிப்பதைப் பார்த்துவிட்டு, "பாலு வாங்க வக்கில்லாம கருந்தண்ணி குடிக்குதுங்க, பாவம்" என்று தெருவுக்கே சொன்னார். அடுத்த நாள் காலை கவிதாவிடம் ஒரு சொம்புப் பால் கொடுத்தனுப்பினார். மிசோரத்தில் டீ என்றால் சிவப்பு டீதான், அது வறுமை இல்லை என்று சொல்ல புயிக்கு அப்போது தமிழ் போதவில்லை. வாங்கிக்கொண்டாள். பாலைக் காய்ச்சி மிமிக்குக் கொடுத்துவிட்டு, சொம்பை வெறுமனே திருப்ப மனமில்லாமல், அதில் நாலு அதிரசம் அளவுக்கு ஏதோ ஓர் அரிசிப் பலகாரம் வைத்துக் கொடுத்தாள். மறுநாளும் பால் வந்தது. பலகாரம் போனது. தமிழ் போதுமான அளவு வந்த பிறகும் புயி அந்த விஷயத்தைச் சொல்லவே இல்லை. சொன்னால் சொம்பு நின்றுவிடும்.

கவிதாவுக்குக் குழந்தை பிறந்ததும் புயி அங்கேயே கிடந்தாள். அவர்கள் ஊர் நெசவுத் துணி ஒன்றால் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பாத்திரம் தேய்ப்பாள். அம்மாக்கண்ணு முதலில், "ஐயய்யோ, மூட்டையாட்டம் கட்டுதே" என்றார். முதுகில் போன குழந்தை மத்தியானம் முழுக்கத் தூங்கியது. அடுத்த வாரம் அம்மாக்கண்ணுவே, "பூவு, அந்தத் துணிய எடுத்துட்டு வா" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

4

குழந்தைக்கு ஒரு வயது ஆகப்போகும்போது கவிதா ஒரு நாள் சொம்போடு வந்து, கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, கல்லங்குறிச்சில பாப்பாவுக்கு மொட்ட போட்டு காது குத்தறோம். சங்கர் சார் மடி வேணும்."

புயி அப்படியே நின்றாள். மடி என்ற சொல்லை அவள் மாட்டுக்கொட்டகையில் கற்றிருந்தாள். மடியக் கழுவிட்டுத்தான் கறக்கணும் என்பார் அம்மாக்கண்ணு.

"சங்கர் சார்... மடி?"

"ஆமாக்கா. எனக்குக் கூடப்பொறந்த ஆம்பள இல்லைல்ல. கல்யாணத்துலயும் எங்க அத்தையோட தங்கச்சி மவன்தான் அண்ணன் மொறைக்கு ஒப்புக்கு நின்னான். அதுவும் அவுங்க ஆளு. எனக்குன்னு ஒருத்தராவது வேணாமா?"

"கேட்டுச் சொல்றேன் கவிதி."

வீட்டுக்குள் போய்க் கணவனிடம் மிசோவில் சொன்னாள்: "உன்னிடம் மடி கேட்கிறாள்."

"எதை?"

"பால் கறப்பார்களே, அதை."

சங்கா கொஞ்ச நேரம் தன்னையே பார்த்துக்கொண்டார். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மிமி தரையில் உருண்டு உருண்டு சிரித்தாள். பிறகுதான் அவருக்குப் பொறி தட்டியது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் தமிழில் ஜெபிக்கும்போது கடவுளிடம் கேட்பது அதைத்தான்: உம்முடைய மடியில் எங்களைச் சேர்த்துக்கொள்ளும். உட்கார்ந்தால் வருகிற மடி. தாய்மாமன் மடியில் குழந்தையை வைத்துக் காது குத்துவார்கள் என்பதை மிமி சொன்னாள். அவள் வகுப்பில் பாதிப்பேர் அந்தக் கதையோடுதான் தோடு போட்டிருந்தார்கள். அது சங்காவுக்குப் புதிதும் இல்லை. அவர்கள் ஊரிலும் அம்மாவின் அண்ணன் தம்பிக்குத் தனிப் பெயர் உண்டு, கல்யாணத்தில் தனிப் பங்கு உண்டு. 'பு' என்பார்கள்.

சிரிப்பு அதோடு நின்றது. இடம் கோயில்.

"நான் போய் உட்கார்ந்தால் ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கோயிலுக்கு வருகிறவர்கள்தான் என்ன நினைப்பார்கள்?" என்றார் சங்கா. "உட்காராவிட்டால் கவிதி என்ன நினைப்பாள்?" என்று அவரே சேர்த்துக்கொண்டார். பிறகு பேசவில்லை. கால்பந்துக்குப் போனார், வந்தார், பேசவில்லை. (அந்த மௌனம் எனக்குப் பிடித்திருந்தது. அதைப் பற்றி ஒரு பத்தி எழுதி, நீக்கிவிட்டேன்.)

மாட்டுக்கொட்டகையில் அம்மாக்கண்ணு புயியிடம் கேட்டார். "ஏம்மா பூவு, ஒன் வூட்டுக்காரரு வருவாரா மாட்டாரா? வரலன்னா இப்பவே சொல்லிடு. எந் தங்கச்சி மவன் சும்மாத்தான் இருக்கான்."

"வந்தா உங்களுக்குச் சரியா அம்மா?"

அம்மாக்கண்ணு கறந்துகொண்டே இருந்தார். "எங்க சாமியக் கும்புடாதவரு. எப்படின்னுதான் யோசிக்கறேன்."

அதுவும் நியாயம்தான் என்று புயிக்குத் தோன்றியது. அவளுக்குப் பயம் வேறு. இந்த ஊருக்கு வந்த முதல் மாதங்களில் அவள் நாள்கணக்கில் கணவனையும் மகளையும் தவிர யாரோடும் பேசியதில்லை. அதை உடைத்தது ஒரு சொம்பு. அந்தச் சொம்பு வைத்திருப்பவள் முதல்முறையாக ஒன்றைக் கேட்டிருக்கிறாள்.

அன்று ராத்திரி அவள் கணவனிடம் சொன்னாள்: "நீ வாராவாரம் கடவுளிடம் கேட்பதைத்தான் ஒருத்தி உன்னிடம் கேட்டிருக்கிறாள்."

(இது என் வாக்கியம். அவள் உண்மையில் என்ன சொன்னாள் என்று மிமியிடம் கேட்டேன். "அம்மா திட்டுனாங்க" என்றாள்.)

5

முடிவு அ.

சங்கா மறுத்துவிடுகிறார். மறுநாள் சொம்பு வரவில்லை. புயி ஜன்னல் வழியே—

இதை நான்கு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்தது, இந்த மாதிரி எனக்கு எப்போதும் நன்றாக வரும். ஆனால் சோகம் வேண்டாம் என்று புயிக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. அதோடு இது நடக்கவும் இல்லை.

முடிவு ஆ.

சங்கா கம்பீரமாகக் கோயிலுக்குள் நுழைகிறார். மணி ஒலிக்கிறது. அர்ச்சகர் புன்னகைக்கிறார். கூட்டம் வழிவிடுகிறது. எங்கிருந்தோ ஒரு புறா—

புறா வந்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது.

முடிவு இ.

மணிவேல் வாடகைக்கு எடுத்த லோடு ஆட்டோவில் எல்லோரும் போனோம். சங்கா வேட்டி கட்டியிருந்தார். வருகிறேன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். உட்காருவதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. வழியெல்லாம் கவிதா குழந்தையின் கால் கொலுசையே திருகிக்கொண்டு வந்தாள். மொட்டை போட அவர்கள் உள்ளே போனார்கள். நான் ஆட்டோவிலேயே புத்தகத்தோடு இருந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மிமி ஓடிவந்தாள்.

"சுதர்சன் மாமா, வாங்க வாங்க, குத்தப் போறாங்க."

ஓடினேன். வழியில் வாசல் எதையும் தாண்டினேனா? செருப்பைக் கழற்றினேனா? காலைக் கேட்டுப் பார்க்கிறேன், அதற்கும் தெரியவில்லை.

வேப்பமரத்தடியில் அம்மாக்கண்ணு, சந்தனம் பூசிய மொட்டைத்தலைக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதிகாரம் செய்துகொண்டிருந்தார்.

"வேண்டுதலு மொட்டைக்குத்தான். அத முடிச்சாச்சு. காத எங்க குத்துனா என்ன? ஆசாரி, இப்படி மரத்தடிக்கு வந்துடுங்க, காத்தா இருக்கு. மணிவேலு, தார்ப்பாய விரி." பிறகு யாரையும் பார்க்காமல், "மாமன் எங்க?" என்றார்.

அவருடைய தங்கை மகன் அருள்முருகன் பழக்கத்தில் ஓரடி முன்னால் வந்தான்.

"ஒன்னக் கேக்கலடா" என்றார் அம்மாக்கண்ணு.

சங்கா செருப்பை விட்டுவிட்டுப் போய் (அவர் கழற்றியது நினைவிருக்கிறது, என்னுடையதுதான் இல்லை) தார்ப்பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கையையும் நீட்டினார். கவிதா முகத்தைத் திருப்பிக்கொண்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஊசி இறங்கியதும் குழந்தை ஒரு தெருவுக்குக் கேட்கும்படி அழுதது. அழுகையோடு புது வேட்டியையும் நனைத்தது.

"இனிமே மாத்த முடியாது சார்" என்றான் மணிவேல். "மாமன் ஆயிட்டீங்க."

"பேரு மூணு தடவ காதுல சொல்லணும்" என்றார் அம்மாக்கண்ணு. அதுவரை பாப்பா, பாப்பாதான். பெயரைக் கவிதா யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். குனிந்து சங்காவிடம் சொன்னாள். அவர் குழந்தையின் காதில் சொன்னார்:

"மகிரினி. மகிரினி. மகிரினி."

"என்னது, மகிளினியா?" என்றார் அம்மாக்கண்ணு.

"மகியினி" என்று புயி சொல்லிப் பார்த்தாள்.

"மகிழினி" என்றாள் கவிதா, சிரித்துக்கொண்டே. "அக்கா, இத எப்படி மாத்துவீங்கன்னு பாக்கறேன்."

புயி யோசித்தாள். அவள் நாக்கு கடைசி எழுத்தைத் தொட்டுப் பார்ப்பது வெளியே தெரிந்தது.

"மாத்த வேணாம் கவிதி" என்றாள். "இது சரியா முடியுது."

6

மரம் பாக்கியிருக்கிறது.

"உள்ளதான் இருந்துச்சு, சார் உள்ள வந்தாரு, நான் பாத்தேன்" என்கிறான் மணிவேல். "வெளியதான், எனக்குத் தெரியாதா" என்கிறார் அம்மாக்கண்ணு. சங்காவிடம் அவருடைய சபைக்காரர்கள் போனில் கேட்டபோது, "மரத்தடியில்" என்றார். எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். "நிழல் பக்கம்" என்றாராம்.

கல்லங்குறிச்சிக்கு பஸ் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்து இந்தக் கதையை ஒழுங்காக முடிக்கலாம். நான் போகவில்லை, போகப்போவதும் இல்லை. நீங்கள் அந்தப் பக்கம் போனால் பாருங்கள். உள்ளே இருந்தால் உள்ளே என்று வைத்துக்கொள்ளுங்கள், வெளியே இருந்தால் வெளியே. எனக்குச் சொல்ல வேண்டாம்.

7

சங்கா குடும்பம் இரண்டு வருஷம் முன்பு ஒடிசா பக்கம் ஒரு கிராமத்துக்கு மாற்றலாகிப் போனது. அங்கும் அவர் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறார். மிமி இப்போது உயர்நிலைப்பள்ளி. கோபம் வந்தால் அரியலூர்த் தமிழில்தான் திட்டுகிறாளாம். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தை ஜெயங்கொண்டத்திலிருந்து வருகிற ஒருவர் நடத்துகிறார். மணிவேல் ஆலத்தியூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். அம்மாக்கண்ணு முழங்கால் வலியால் மாட்டை விற்றுவிட்டார். பாக்கெட் பாலில் போட்ட டீயைக் குடித்துப் பார்த்துவிட்டு, பூவு மாதிரிக் கருந்தண்ணியே மேல் என்று மாறிவிட்டார். அருள்முருகன் கல்யாணம் செய்துகொண்டான். கவிதா திருமானூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். கடையிலும் அவள் கவிதிதான். புயி புது ஊரில் எல்லோர் பெயரையும் திருத்திக்கொண்டிருக்கிறாள். நான் ஜன்னலோரம் இருக்கிறேன்.

குழந்தை இந்த ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். தோடு போட்டிருக்கிறாள். அப்பாயி மகிளினி என்கிறார், போனில் மாமா மகிரினி என்கிறார், அத்தை மகியினி என்கிறாள். எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்க்கிறாள். டீச்சர் கேட்டால் மட்டும் எழுந்து நின்று, நாக்கை மடக்கிச் சரியாகச் சொல்கிறாள்: மகிழினி.