வாய் திறக்காத போன்

அந்தத் தெருவில் திரைச்சீலை வாங்க வருகிறவர்களுக்கு யாரும் வழி சொல்ல வேண்டியிருந்ததில்லை. முனை திரும்பியதும் ஒரு குரல் கேட்கும். அதைப் பிடித்துக்கொண்டே நடந்தால் கடை வந்துவிடும். கடைக்காரிக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் வெண்கலம். பெயர் வைத்தவர்களுக்கு அதில் கொஞ்சம் நக்கலும் உண்டு, ஆனால் அவள் அதைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டாள்.

ஜன்னல் எவ்வளவு பெரிசு என்று அவள் கேட்பாள். வந்தவர் இரண்டு கையையும் விரித்து இவ்வளவு என்று காட்டுவார். அப்படியானால் அந்தக் கையை மடக்காமல் அப்படியே வீட்டுக்குப் போய் ஜன்னலில் வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பாள். கடையே சிரிக்கும், வந்தவரும் சிரிப்பார். சிரித்தவருக்கு விலையைக் குறைத்துக் கேட்கும் தெம்பு பாதி அங்கேயே போய்விடும். மீதிப் பாதியை அவள் துணியை உதறி வெளிச்சத்தில் பிடிக்கும்போது பறித்துக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை சபையிலும் அதே தொண்டைதான். அவள் ஜெபிக்க எழுந்தால் மைக்கைப் பிடித்திருப்பவர் மரியாதையாக அதை அணைத்துவிடுவார். ஆண்டவரிடமும் அவள் பேரம்தான் பேசுவாள். மூன்று கேட்டால் ஒன்றாவது படியும் என்பது அவள் கணக்கு. எப்போதாவது மூன்றுமே கிடைத்துவிட்டால், அடடா, இன்னும் ஏற்றிக் கேட்டிருக்கலாமே என்று அன்று முழுக்க முகம் வாடிக் கிடப்பாள்.

அவள் வீட்டுக்காரர் தையற்காரர். கடைக்குப் பின்னாலிருந்த அறையில் உட்கார்ந்து, அவள் விற்ற துணிக்கெல்லாம் மடிப்பு வைத்து, வளையம் கோத்து, ஓரம் அடித்துத் தருவார். குடும்பத்துக்குத் தேவையான பேச்சை எல்லாம் அவளே பேசிவிட்டதால், அவர் பங்குக்கு வந்த பேச்சு இன்னும் மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. வாடிக்கையாளர் யாராவது எட்டிப் பார்த்தால் தலையைக் குனிந்து ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிடுவார். ஏற்கெனவே நூல் கோத்திருந்தாலும்.

இப்படியிருக்கையில் அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. கெட்டது இல்லை, ஆனாலும் எடுத்துவிடுவதே நல்லது என்றார்கள். எடுத்தார்கள். கட்டி போனது. கூடவே வெண்கலமும் போனது. குரலுக்குப் போகிற நரம்பு கொஞ்சம் அதிர்ந்திருக்கிறது, நாளாக நாளாகத் திரும்பலாம், முழுசாகத் திரும்பாமலும் போகலாம் என்றார் மருத்துவர். கொஞ்ச நாள் வாயை மூடி ஓய்வு கொடுக்கச் சொன்னார். பிறகு மெதுவாகப் பேசிப் பழகச் சொன்னார்.

ஓய்வு முடிந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, தன் பெயரையே சொல்லிப் பார்த்தாள். கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி ஒன்று வந்தது. குழாய்ச் சத்தத்தில் அவளுக்கே அது சரியாகக் கேட்கவில்லை. அன்றோடு வாயைக் கட்டிவிட்டாள். பேசவே முடியாதவள் என்று ஊர் நினைத்தால் நினைக்கட்டும், இந்தச் சாயம் போன குரலை எவர் காதிலும் போடுவதில்லை என்று தீர்மானம். வீட்டுக்காரரிடம்கூடச் சைகைதான். அவர் அதற்காக ஒன்றும் பெரிதாகத் தடுமாறவில்லை.

கடை அடைத்துக் கிடந்தது. வந்த ஆர்டரை முடித்துக் கொடுப்பதோடு சரி. அப்போதுதான் அவள் அண்ணன் வந்தார். நல்ல மனிதர், தங்கச்சி மேல் பாசம் உள்ளவர். ஆனால் பாசத்தையும் கடை இடத்தையும் ஒரே பார்வையில் பார்க்கத் தெரிந்தவர். கடையைத் தன் பேருக்கு விட்டுவிடும்படியும், தான் வேறு வியாபாரம் போட்டு மாசாமாசம் வாடகை தந்துவிடுவதாகவும், மாப்பிள்ளை வேண்டுமானால் வீட்டிலிருந்தே தைக்கலாம் என்றும் சொன்னார். வாய் உள்ளவருக்குத்தான் கடை என்று வருத்தத்தோடுதான் சொன்னார். சனிக்கிழமை காலை வருகிறேன், தலையை ஆட்டினால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் பாதி மனசோடு தலையை ஆட்டிப் பழகிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஆண்டவர் மேல் கோபம். சண்டை போடலாம் என்றால் அதற்கும் குரல் வேண்டுமே. அதனால் பேச்சை நிறுத்திவிட்டாள். சபைக்குப் போகவில்லை. போதகர் மருத்துவமனைக்கு வந்தபோது கண்ணை மூடித் தூங்குவதுபோலப் படுத்துக்கொண்டாள். அவர் ஜெபித்துவிட்டுப் போகும்வரை இமையை அசைக்காமல் இருந்ததுதான் அந்த மாதம் அவள் செய்த கடினமான வேலை.

ஆனால் ஒன்றை மட்டும் அவளால் நிறுத்த முடியவில்லை. காலையில் அவளுக்கு வருகிற போன்.

அது அந்தச் சபையில் இருந்த ஒரு பழக்கம். காலையில் ஒருவர் அடுத்தவரைப் போனில் கூப்பிடுவார். தெம்பாக ஒரு வார்த்தை, சின்னதாக ஒரு ஜெபம், அவ்வளவுதான், வைத்துவிட வேண்டும். கூப்பிடப்பட்டவர் தனக்கு அடுத்தவரைக் கூப்பிடுவார். யாருக்கும் தனக்கு அடுத்தவரின் எண் மட்டும்தான் தெரியும். முழுச் சங்கிலியும் போதகர் தலைக்குள்தான். எல்லாருக்கும் எல்லா எண்ணும் தெரிந்தால், ஜெபம் சிட்டிகை அளவும் ஊர்வம்பு மூட்டை அளவும் ஓடும் என்று அவருக்குத் தெரியும், மனிதர் விவரமானவர். இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு சங்கடம். நடுவில் ஒருவர் அறுந்தால் அதற்கு அப்புறம் இருப்பவர்களுக்கு மணி அடிக்காது. முடியாதவர் போதகரிடம் சொல்லிவிட வேண்டும், அவர் கண்ணியை மாற்றிப் போடுவார்.

வெண்கலம் சொல்லவில்லை. கோபத்தில் இருப்பவர்கள் எவருக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்?

அவளைக் கூப்பிடுகிறவர் ஒரு பஸ் டிரைவர். டிப்போவில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் கூப்பிடுவார். பதில் வராது என்று தெரிந்தும் தவறாமல் கூப்பிட்டார். அக்கா, கர்த்தர் உங்களை விடமாட்டார், ஸ்தோத்திரம் என்று ஏதோ இரண்டு வார்த்தை. சொல்லும்போதே பின்னால் என்ஜின் உறுமும். அவள் கேட்டுவிட்டு, போனை மேசையில் போட்டுவிட்டு முகம் கழுவப் போய்விடுவாள். தனக்கு அடுத்தவரைக் கூப்பிடுவதில்லை.

அவள் கூப்பிட வேண்டிய ஆள் யார் என்றால், அதுதான் வேடிக்கை. எதிர்க்கடை மெத்தைக்காரர். மெத்தையோடு நிறுத்திக்கொண்டவரை அவர் நல்லவராகத்தான் இருந்தார். ஒருநாள் அவர் கடை வாசலிலும் திரைச்சீலை தொங்கியது. அன்றிலிருந்து பகை. காலையில் போனில் உங்கள் கையின் வேலையைக் கர்த்தர் பெருகப் பண்ணுவார் பிரதர் என்று வாழ்த்துவாள். கடை திறந்ததும் அவர் படியில் கால் வைத்த வாடிக்கையாளரைக் குரலாலேயே தூக்கி இந்தப் பக்கம் போட்டுவிடுவாள். இரண்டையும் அவள் ஒரே மனசோடுதான் செய்துவந்தாள். காலை வேறு, கடை வேறு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த மெத்தைக்காரர் தெருவைக் கடந்து வந்தார். பாதி ஏற்றியிருந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து நுழைந்தார். மெத்தை விற்கிற மனிதர்தான், ஆனால் சரியாகத் தூங்கி நாளாகிவிட்ட முகம். அவள் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். பின்னறையில் தையல் மெஷின் சட்டென்று நின்றது.

அவர் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவர் மனைவியை ஒரு இல்லத்தில் சேர்த்திருந்தது தெருவுக்கே தெரியும். சில மாதமாக அந்த அம்மாவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லையாம். யாரோ மெத்தை கொண்டுவந்த ஆள் என்று நினைத்து, கட்டிலைக் காட்டி, இங்கேயே போட்டுவிட்டுப் போங்கள் என்கிறாராம். அதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார், பாதியிலேயே சிரிப்பு கழன்றது.

“காலையில எழுந்தா, இன்னிக்கு எதுக்குக் கடையைத் திறக்கணும்னு இருக்கும் சிஸ்டர். அப்ப உங்க போன் வரும். எடுத்தா சத்தமே இல்ல, மூச்சு மட்டும்தான். குரல் போன மனுஷி, பேச முடியலைன்னாலும் கூப்பிட்டாவது விடறாங்களே, எனக்கு என்ன கேடுன்னு எழுந்து குளிப்பேன்.”

கூப்பிடவே இல்லையே என்று அவள் தன் போனைத் திரும்பிப் பார்த்தாள்.

அதை அவர் தனக்கு அடுத்தவரிடம் சொல்லியிருக்கிறார். அடுத்தவர் அதற்கடுத்தவரிடம். மணி அடித்த வீட்டுக்கெல்லாம் அந்த மூச்சுச் சத்தம் போய்ச் சேர்ந்திருக்கிறது. போன ஞாயிறு போதகரே மேடையில் ஏறி, இதுதான் சாட்சி என்று சொன்னாராம். நேரில் நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது, வந்தேன் என்று எழுந்து கைகூப்பிவிட்டு, வந்த மாதிரியே குனிந்து வெளியே போனார்.

அவள் பின்னறைக்குப் போனாள். தையற்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

அவள் போனை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். அவர் நூலை ஈரப்படுத்தினார். அவள் நகரவில்லை. கடைசியில் அவர் ஊசியைப் பஞ்சுத் திண்டில் குத்திவிட்டு நிமிர்ந்தார்.

“நீ முகம் கழுவப் போனதும் எடுத்துட்டு வந்து இங்கேருந்து கூப்பிடுவேன். நம்ம வீட்டோட அறுந்துபோகக் கூடாதுல்ல. ஏதாவது சொல்லணும்னுதான் எடுப்பேன். வாய் வராது. மனசுக்குள்ள அவருக்காக ஜெபம் பண்ணிட்டு வச்சிடுவேன்.”

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. தன் லேபிளை ஒட்டி வேறு யாரோ சரக்கு அனுப்பியிருக்கிறார்கள். சரக்கும் நல்ல சரக்கு, வாங்கினவரெல்லாம் புகழ்கிறார்கள். போய் இல்லை என்று சொல்லலாம். சொல்ல வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும்.

“இன்னொண்ணு” என்றார் தையற்காரர். “நான் சும்மா இருக்கறதால அவரே பேசுவார். தினமும் உனக்காக ஜெபம் பண்றார். குரல் பழையபடி வரணும்னு.”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். வியாபாரி வீட்டில் பிறந்து, விலை பேசியே வளர்ந்தவள் அவள். எந்தப் பேச்சிலும் யாருக்கு என்ன லாபம் என்று பார்க்காமல் அவளுக்கு ஒன்றும் புரிந்ததில்லை. இந்தக் குரல் திரும்பினால் முதல் நஷ்டம் அந்த மனுஷனுக்குத்தான். அது தெரியாத அளவுக்கு அவர் ஏமாளியும் இல்லை. தெரிந்துகொண்டேதான் காலையில் எழுந்து, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவளும் இத்தனை வருஷம் அவருக்காக ஜெபித்தவள்தான். ஒருநாளாவது அவர் வியாபாரம் நடக்க வேண்டும் என்று மனசார நினைத்தாளா என்று தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

அன்று மாலை முழுக்க அவள் வெட்டிய துணித் துண்டுகளை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கை மட்டும்தான் அங்கே இருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் டிரைவர் கூப்பிட்டார். இன்று மழை, வண்டி மெதுவாகத்தான் போகும், ஆனாலும் போய்ச் சேரும் அக்கா, ஆண்டவர் இருக்கிறார் என்றார். வழக்கமான உறுமல். அவள் போனை மேசையில் போடவில்லை. பின்னறைக்கு எடுத்துப் போய் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு, மெத்தைக்காரரின் எண்ணை அழுத்தினாள். தையற்காரர் தைப்பதை நிறுத்திவிட்டுத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்துட்டீங்களா சிஸ்டர்” என்றது போன். பதிலுக்குக் காத்திராமல் அவர் ஜெபிக்க ஆரம்பித்தார். அலங்காரம் ஒன்றும் இல்லை. ஆண்டவரே, எதிர்க்கடைச் சத்தம் இல்லாமல் தெரு தெருவாக இல்லை, அந்தத் தொண்டையைத் திருப்பிக் கொடும், தராவிட்டால் இருக்கிறதை வைத்து நடத்தும் என்றார்.

“ஆமென்” என்றாள் அவள்.

காற்று மாதிரிதான் வந்தது. ஆனால் அந்தப் பக்கம் கேட்டுவிட்டது. மனிதர் மூச்சுவிடாமல் நின்றது இந்தப் பக்கம் தெரிந்தது. தையற்காரர் மெஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார், அது ஓடிவிடப் போகிறது என்பதுபோல.

“பிரதர், இத்தனை நாளும் கூப்பிட்டது நான் இல்ல. எங்க வீட்டுக்காரர். நான் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்தேன்.” நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். “இன்னிக்கு நான் உங்களுக்காகச் சொல்றேன். கேளுங்க.”

பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. குரல் அவ்வளவு தூரம் தாங்கவும் இல்லை. இல்லத்தில் இருக்கிற அந்த அம்மா இன்றைக்கு இந்த மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டும், அவர் கடையில் இன்றைக்கு நல்ல வியாபாரம் நடக்க வேண்டும் என்று கேட்டாள். இரண்டாவதைக் கேட்கும்போது நெஞ்சு கொஞ்சம் முரண்டு பிடித்தது. விடாமல் கேட்டு முடித்தாள்.

போனை வைத்ததும் அவள் வீட்டுக்காரரைப் பார்த்துத் தலையை வெளிப்பக்கம் அசைத்தாள். அவருக்குப் புரிந்தது. ஷட்டரை முழுசாக ஏற்றினார்.

அண்ணன் சொன்னபடி வந்தபோது கடைக்குள் ஒரு ஆளும் அவர் மனைவியும் இருந்தார்கள். படுக்கையறைக்குக் கனமான துணி வேண்டும், ஆனால் இருட்டாகவும் இருக்கக் கூடாது என்று கேட்டு வந்தவர்கள். வெண்கலம் துணியை வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள். என்ன விலை என்று அந்த ஆள் கேட்டார். அவள் மெதுவாகச் சொன்னாள். கேட்கவில்லை. அவர் குனிந்து காதைக் கொடுத்தார். மறுபடி சொன்னாள். அவர் மனைவி தனக்கும் கேட்க வேண்டும் என்று நெருங்கி வந்து தலையை நீட்டினாள். இருவரும் ஏதோ தங்களுக்கு மட்டும் சொல்லப்பட்ட விலை என்பதுபோல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, வெளியே யார் காதிலும் விழுந்துவிடக் கூடாதே என்று குரலைத் தணித்து, சரி என்றார்கள். பேரமே பேசவில்லை. வெண்கலத்துக்கே கொஞ்சம் திகைப்பாக இருந்தது, ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

தையற்காரர் அளவு நாடாவோடு பின்னறையிலிருந்து வெளியே வந்து, ஜன்னல் அளவு சொல்லுங்கள் என்று வந்தவர்களைக் கேட்டார். அண்ணன் வாய் பிளந்து மாப்பிள்ளையைப் பார்த்தார்.

“என்னம்மா, அப்ப நான் என்ன பண்றது?” என்றார் தங்கச்சியிடம்.

அவள் பக்கத்தில் வரச்சொல்லிக் கையசைத்தாள். அவரும் எல்லாரையும் போலக் குனிந்து காதைக் கொடுத்தார்.

“அந்த ஸ்டூல்ல உட்காருங்கண்ணே. இவங்களை அனுப்பிட்டு வர்றேன்” என்றாள்.