கீழ்வீட்டு டம்ளர்

'செப்டம்பர் 9, செவ்வாய். ஒரு தவறு. நேற்று பயிற்சி முடிந்ததும் வில்லின் முடியைத் தளர்த்தாமலே பைக்குள் வைத்துவிட்டேன். இன்று காலையில்தான் கவனித்தேன். இப்படியே விட்டால் வில்லின் வளைவு கெட்டுவிடும் என்று இரண்டாம் பாடத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். மற்றபடி பயிற்சி ஒழுங்காக நடக்கிறது. கீழ்வீட்டிலிருந்து இன்றும் புகார் இல்லை.'

கடைசி வரியை எழுதும்போது அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை. ஆளை விட உயரமான, வயலின் ஜாதியைச் சேர்ந்த டபுள் பேஸ் வாத்தியத்தை இரண்டாம் மாடியில் வைத்துக்கொண்டு நான்கு மாதமாக வாசிக்கிறாள். கீழே குடியிருப்பவர் ஒரு முறைகூட முகம் சுளித்ததில்லை. தன் கட்டுப்பாட்டுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேறென்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, டைரியை மூடிவிட்டு, தேய்க்க வேண்டிய அடுத்த லென்ஸை எடுத்தாள்.

பகலில் அவளுக்குக் கண்ணாடிக் கடையின் பின்புறப் பட்டறையில் வேலை. லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து ஃப்ரேமுக்குள் உட்கார வைக்க வேண்டும். அழுத்தினால் கீறல் விழும், இன்னும் அழுத்தினால் விரிசல் விடும் என்பது அங்கே முதல் நாள் பாலபாடம். இயல்பிலேயே பூப்போலத் தொடுகிறவளுக்கு அந்த வேலை வெல்லமாக இனித்தது. டீக்குச் சர்க்கரை போடும்போதுகூட ஸ்பூனின் மேல் விரலை ஓட்டிச் சமன் செய்கிறவள் என்பதால், அக்காவின் கணவர் அவளுக்கு 'அளவுகோல்' என்று பெயர் வைத்திருந்தார். அவள் இருந்தது அக்கா வீட்டில்தான்.

பேஸ் அவளுடையதல்ல. வேலைக்குப் போகிறவர்களுக்காக ஒரு பள்ளிக்கூட ஹாலில் மாலை இசை வகுப்பு நடந்தது. அங்கே பொருள் வைக்கும் அறையில், கிழிந்த திரைக்குப் பின்னால் அது நின்றுகொண்டிருந்தது. வகுப்பை நடத்தும் டீச்சருக்கு வயலின்தான் தெரியும். "இதைச் சொல்லிக்கொடுக்க இங்க ஆளில்ல. நெட்ல பாடம் இருக்கு, பார்த்துக் கத்துக்கிறியா?" என்று கேட்டார். அவள் தலையாட்டிய வேகத்தில் அவளுக்கே ஆச்சரியம்.

அன்று அதை மாடிக்கு ஏற்றியபோது அக்கா கதவை இரண்டு பக்கமும் திறந்து வைத்துக்கொண்டு, "பொண்ணு பார்க்க யாராவது வருவாங்கன்னு பார்த்தா, நீயே ஒருத்தரைத் தூக்கிக்கிட்டு வந்துட்டியே" என்றாள். மாமா அதன் இடுப்பைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நல்ல குடும்பத்துப் பிள்ளையாத்தான் தெரியுது. சாப்பாட்டுச் செலவு இல்லை" என்றார். வகுப்பு நாளில் அதை லோடு ஆட்டோவில் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது அவர் பொறுப்பு, அவள் பஸ்ஸில் போய் வருவாள்.

இணையத்தில் ஒரு பாட வரிசையைத் தேர்ந்துகொண்டாள். கிராப் வெட்டிய ஒரு பெண்மணி, வெள்ளைச் சுவர் முன்னால் ஸ்டூலில் சாய்ந்து நின்று சொல்லிக்கொடுத்தார். பஸ்ஸில் போகும்போது சத்தத்தை அணைத்துவிட்டு, கீழே ஓடும் எழுத்தை மட்டும் படித்து டைரியில் குறித்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்ததும் ஃபோனை நோட்டு வைக்கும் ஸ்டாண்டில் மாட்டி, பார்த்துப் பார்த்து வாசிப்பாள். காதில் இயர்ஃபோன் செருகினால் தன் வாத்தியம் கேட்காது என்பதால் அதைத் தொடுவதே இல்லை.

முதல் நாள் நடந்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. தடிமனான தந்தியில் வில்லை வைத்துக் கையை விட்டாள். உள்ளங்கால் வழியாக ஏதோ ஏறியது. ஜன்னல் கண்ணாடி 'கடகட'வென்றது. பதறிப்போய் வில்லை எடுத்துவிட்டாள். ஃபோனில் அதே பாடத்தை ஓட்டிப் பார்த்தாள். அதே தந்திதான், ஆனால் ஃபோன் டீச்சரம்மாவிடமிருந்து வந்ததோ மூடிய டப்பாவுக்குள் தேனீ அடைபட்ட மாதிரி ஒரு மெல்லிய ரீங்காரம். அவர்கள் நாற்பது பாடம் நடத்துகிறவர்கள். தான் நேற்று வந்தவள். இரண்டு சத்தமும் ஒத்துப்போகவில்லை என்றால் தப்பு யார் பக்கம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அன்றிலிருந்து கையின் கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தேனீயோடு தேனீயாக ஒத்துப்போகும் வரை ஓயவில்லை. 'கையின் எடையைத் தந்தி மேல் விடுங்கள்' என்று எழுத்து ஓடும்போதெல்லாம், தன் கை பிறவியிலேயே கனமானது போலிருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வகுப்பில்தான் வினை வந்தது. ஒரு பகுதி முழுவதையும் எல்லோரும் சேர்ந்து வாசித்து முடித்ததும் டீச்சர் ஹாலின் கடைசியிலிருந்து நடந்து வந்தார்.

"பேஸ், நீ வாசிச்சியா?"

"வாசிச்சேன், டீச்சர்."

"வில் அசையறது தெரிஞ்சது. சத்தம் வரலையே."

முன்னால் பேஸின் தம்பி மாதிரி இருக்கும் செல்லோவை வைத்திருந்த தபால்காரர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "எனக்குக் கேட்டுச்சு டீச்சர். நான் கொசுன்னு நினைச்சு ரெண்டு தடவை கழுத்துல அடிச்சுக்கிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், காது மடல் சூடாகியது.

வகுப்பு கலைந்ததும் டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். குரலில் கடுமை இல்லை. அதுதான் அவளைக் கூடுதலாகப் பயமுறுத்தியது. "தப்பா எடுத்துக்காதே. நீ தாளம் விடறதில்ல, சுருதி விலகறதில்ல. ஆனா வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி இது. அஸ்திவாரமே கேக்கலைன்னா மத்தவங்க எது மேல நிப்பாங்க? கிட்டார் வாசிக்கிற ஒருத்தர் இந்த பேஸைத் தனக்குக் குடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கார். வெள்ளிக்கிழமை நான் கடைசிக் கதவுகிட்ட நிக்கறேன். அங்க வரைக்கும் உன் சத்தம் வரணும். வரலைன்னா அவர்கிட்ட குடுத்துடலாம், நீ வேற ஏதாவது சின்னதா எடுத்துக்கோ."

வேற ஏதாவது சின்னதா. வழியெல்லாம் அந்த வார்த்தை பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தது.

புதன்கிழமை முழு மூச்சாக வில்லை அழுத்தினாள். தகரத்தைத் தரையில் இழுப்பது போல ஒரு கீச்சல் வந்தது. வேகமாக இழுத்தாள். சத்தம் இன்னும் மெலிந்து காற்றாகப் போனது. அக்கா கதவோரம் வந்து நின்று, "ஏண்டி, அதுக்கு ஏதாவது வலிக்குதா?" என்று கேட்டுவிட்டு, தங்கையின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள். பேஸைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் உறையைத் துவைத்துக் கொடுக்க வேண்டும் என்று டைரியில் ஒரு வரி எழுதினாள். பிறகு அதை அடித்தாள்.

வியாழன் மாலை வேலை முடிந்து வந்தவள், மற்ற வழியெல்லாம் அடைபட்ட பிறகு, ஆரம்பத்துக்கே போனாள். ஸ்டாண்டில் ஃபோனை மாட்டி, முதல் பாடத்தை ஓட விட்டாள். திரையில் டீச்சரம்மா வில்லை எடுத்தார், தந்தியில் வைத்தார், இழுத்தார். ஃபோனிலிருந்து சத்தமே வரவில்லை.

ஆனால் கூடத்திலிருந்து வந்தது.

அது காதுக்கு முன்பே தரைக்கு வந்தது. அக்கா சமையலறையில் எதையோ 'டணார்' என்று கீழே போட்டாள். மாமா சோபாவில் பாதி எழுந்த நிலையில், "என் மேட்ச் எங்க? யாரு என் மேட்ச்சுல மாடு கட்டினது?" என்றார். மேட்ச் பார்ப்பதற்காக அவர் வாங்கி வைத்திருந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து, மூடிய தொண்டையோடு ஒரு மலை பாடினால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு நாதம் எழுந்துகொண்டிருந்தது. அக்காவின் பிறந்தநாளுக்குப் பாட்டுப் போடுவதற்காக மாமா ஒருநாள் அவள் ஃபோனை ப்ளூடூத்தில் அந்தப் பெட்டியோடு இணைத்திருந்தார். இன்று அவர் பெட்டியை முடுக்கியதும் அது மேட்சை விட்டுவிட்டு, பழைய சிநேகிதத்தை ஞாபகம் வைத்து இவள் ஃபோனைப் பிடித்துக்கொண்டது.

அவள் ஓடி வந்தாள். மாமா பெட்டியின் பொத்தானை நோக்கி விரலை நீட்டினார்.

"மாமா, நிறுத்தாதீங்க."

"இது என்ன சத்தம்?"

அவள் முழங்காலிட்டு உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்தாள். கை எலும்பு வரை அதிர்ந்தது. இந்த அதிர்வு அவளுக்குத் தெரியும். முதல் நாள் உள்ளங்கால் வழியாக ஏறியது இதுவேதான்.

"இது என் பாடம், மாமா. நாலு மாசமா நான் பார்க்கிற அதே பாடம்." சொல்லும்போதே முழு விஷயமும் அவளுக்குள் விடிந்தது. "ஃபோன்ல இந்தச் சத்தம் வரவே இல்ல. வேற ஒரு சத்தம்தான் வந்துச்சு. நான் அதைத்தான் கத்துக்கிட்டேன்."

மாமா அவள் ஃபோனை வாங்கித் திருப்பி, அடியில் இருந்த எறும்புக்கண் துளைகளைப் பார்த்தார். "இந்த ஓட்டை வழியா யானை எப்படி வரும்? வால்தான் வந்திருக்கும். நீ வாலை மட்டும் பார்த்துட்டு, யானைன்னா இவ்வளவுதான்னு நினைச்சிருக்க."

அக்கா கரண்டியோடு வந்து நின்றாள். "அப்போ இவ தப்பா வாசிக்கலையா?"

"தப்பாத்தான் வாசிச்சேன்" என்றாள் அவள். "ஆனா முதல் நாள் சரியா வாசிச்சேன், அக்கா."

வெட்கப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வெட்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்துவிட்டு அறைக்குள் போனாள். கதவைத் திறந்தே வைத்து, கூடத்துப் பெட்டியில் பாடத்தை மறுபடி ஓட விட்டாள். இந்த முறை எழுத்தைப் படிக்கவில்லை, கேட்டாள். டீச்சரம்மா அழுத்தவே இல்லை. ஈரத் துணி கொடியில் தொங்குவது போலக் கை தந்தியின் மேல் தொங்கியது. வில்லை, தந்திகளைத் தாங்கும் குதிரைக் கட்டையின் பக்கம் கொஞ்சம் இறக்கி வைத்து, அவசரமே இல்லாமல், வண்டி மேடேறுகிற நிதானத்தில் இழுத்தார்.

அவளும் கையைத் தொங்க விட்டாள். பழக்கம் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கியது. மறுபடி விட்டாள். மறுபடி தூக்கியது. பல தடவை இந்த இழுபறி நடந்த பிறகு, எப்படி என்று அவளால் பிற்பாடு எழுத முடியாத ஒரு தருணத்தில், தோளிலிருந்து கை மொத்தமும் தந்திக்குள் இறங்கியது. ஜன்னல் கண்ணாடி 'கடகட'வென்றது. பேஸின் முதுகு அவள் வயிற்றில் அதிர்ந்தது. அவள் வில்லை எடுக்கவில்லை. நுனி வரை போய், திரும்பி வந்தாள்.

வாசல் மணி அடித்தது.

கீழ்வீட்டுக்காரர் நின்றிருந்தார். நான்கு மாதத்தில் முதல் முறையாக. கையில் பாதித் தண்ணீரோடு ஒரு டம்ளர்.

"மன்னிக்கணும்" என்றார் அவர், உண்மையிலேயே சங்கடத்தோடு. "மேஜை மேல வச்சிருந்தேன். தானா நகர ஆரம்பிச்சுது. வளையம் வளையமாத் தண்ணி வேற ஆடுது. மேல ஏதாவது மெஷின் வாங்கியிருக்கீங்களா?"

"கேட்டுச்சா, சார்?"

"கேட்டுச்சாவா? என் பல்லு வரைக்கும் வந்துச்சும்மா."

"இதுக்கு முன்னாடி? தினமும் வாசிச்சேனே, அப்போ?"

அவர் யோசித்தார். "சாயங்காலம் மெல்லிசா ஒரு சத்தம் வரும். அது உங்க ஃப்ரிட்ஜ்னு நினைச்சேன். ரிப்பேர் பார்க்கச் சொல்லலாமான்னுகூட இருந்தது."

"ரொம்ப நன்றி, சார்" என்றாள் அவள், கண் கலங்க. புகார் சொல்ல வந்தவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டம்ளரை அக்காவிடம் நீட்டப்போய், அது தன் டம்ளர்தான் என்று நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டார். கடைசியில், "ஏழு மணிக்கு நான் நியூஸ் பார்ப்பேன். அதுக்குள்ள முடிச்சுக்கிட்டா நல்லாயிருக்கும்" என்று சொல்லிப் படியிறங்கினார். மாமா அவள் தோளில் தட்டி, "சான்றிதழ்னா இதுதான்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஹாலில் டீச்சர் சொன்னபடியே கடைசிக் கதவருகில் போய் நின்றார். நாற்காலிகளுக்கு அப்பால் அவர் சின்னதாகத் தெரிந்தார். அவள் வில்லைத் தந்தியருகே தயாராக வைத்தாள். வீட்டில் வந்தது இங்கே வருமா? வீட்டுத் தரை மெல்லிசு, இது சிமெண்ட். நேற்று வந்தது தற்செயலோ என்னவோ. சந்தேகம் அவளுக்குக் கூடப் பிறந்த பிறப்பு. இன்றைக்கும் தவறாமல் வந்திருந்தது.

வயலின்கள் தொடங்கின. செல்லோ சேர்ந்தது. பேஸுக்கு நீண்ட ஒற்றை ஸ்வரம் வரும் இடம் நெருங்கியது. அவசரத்தில் அவள் ஒரு மாத்திரை முன்னதாகவே நுழைந்துவிட்டாள். மணிக்கட்டு கூசிப்போய் மேலே எழும்பியது. போனால் போகிறது, தப்பென்றாலும் கேட்கிற தப்பாக இருக்கட்டும் என்று கையை விட்டாள்.

தபால்காரரின் நோட்டு ஸ்டாண்ட் சன்னமாக நடுங்கியது. அவர் கழுத்தில் அடித்துக்கொள்ளவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்தார். வயலின்கள் ஒவ்வொன்றாக அந்தச் சத்தத்தின் மேல் வந்து அமர்ந்தன. இத்தனை நாள் கொஞ்சம் மேலும் கீழும் தள்ளாடிக்கொண்டிருந்த கூட்டம், காலுக்கடியில் தரை கிடைத்தது போல நேராக நின்றது. அவள் பக்கம் யாரும் திரும்பவில்லை. ஆனால் எல்லோரும் அவள் மேல்தான் நின்றார்கள். அந்தக் கனம் தோளில் தெரிந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது.

முடிந்ததும் டீச்சர் கையைக் கதவின் மேல் வைத்தபடியே நின்றிருந்தார்.

"ஒரு மாத்திரை முந்திட்டே."

"ஆமா, டீச்சர்."

"இங்க நின்னு அதைக் கண்டுபிடிக்க முடிஞ்சது. கதவே சொல்லிடுச்சு." அவர் சிரித்தார். "இன்னொரு தடவை வாசிங்க எல்லாரும். திருத்தறதுக்கு இல்ல. நான் கேக்கணும்."

தபால்காரர் இப்போது திரும்பினார். "அந்த கிட்டார்காரருக்கு யார் சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன்" என்றார் டீச்சர். "பேஸுக்கு ஆள் இருக்குன்னு."

இரண்டாம் முறை அவள் முந்தவில்லை.

வீட்டுக்கு வந்து கதையைச் சொல்லி முடித்தபோது அக்கா இரண்டு முறை கேட்டாள், மாமா மூன்றாம் முறையும் கேட்டார். பிறகு அவள் தன் அறையில் உட்கார்ந்து எழுதினாள்.

'செப்டம்பர் 12, வெள்ளி. ஒரு மாத்திரை முன்னதாக நுழைந்தேன். அடுத்த முறை சரி செய்தேன். கதவு வரை கேட்டது. பேஸ் என்னிடமே இருக்கும். வில்லின் முடியைத் தளர்த்திவிட்டேன், இரண்டு முறை பார்த்தேன். நாளை வேலை: முதல் பாடத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி, கூடத்துப் பெட்டியில். ஏழு மணிக்குள்.'