கினுயோ தரம் பிரித்த கட்டி

காத்திருப்பு அறையில் ரெய்கோ ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். கூடப்பிறந்த அண்ணன் யசுஹிரோ உள்ளே மயக்கத்தில் கிடக்கும்போது இவளுக்கு எப்படித்தான் பேச்சு வருகிறதோ என்று அவன் மனைவி கினுயோவுக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி, கோபம் வரவில்லை. கணவனின் இரைப்பைச் சுவருக்குள் லட்சத்தில் ஒருவருக்கு வரும் கட்டி என்று கேட்ட நாளிலிருந்தே அவளுக்கு எதுவும் வருவதில்லை. பயம்கூட எட்டிப் பார்க்கவில்லை. மரத்துப்போன வாயால் சோறு தின்பதுபோல நாட்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

வாய் வழியாகக் குழாய் விட்டே கட்டியை எடுத்துவிடலாம் என்று டாக்டர் இமாமுரா சொல்லியிருந்தார். ஆனால் எடுக்கும்போது உறை கிழிந்து உள்ளே சிதறிவிட்டால் கதையே வேறு. வயிற்றைத் திறக்க வேண்டும், பாதி இரைப்பை போனாலும் போகும், அதற்குப் பிறகும் எந்த உத்தரவாதமும் கிடையாது.

கதவு திறந்தது. வெட்டி எடுத்ததை வீட்டாரிடம் காட்டும் வழக்கப்படி டாக்டரே தட்டோடு வந்தார். இருவரும் எழுந்து குனிந்து வணங்கினார்கள். ரெய்கோ பார்த்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கினுயோ மட்டும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தட்டின் மேல் குனிந்தாள். ஹகாதாவில் மீன்சினையைக் காரத்தில் ஊறவைக்கும் பட்டறை ஒன்றில் சினைப்பைகளைத் தரம் பிரிப்பது அவள் வேலை.

"கொஞ்சம் திருப்புங்க."

டாக்டர் இடுக்கியால் திருப்பினார்.

"அந்த ஓரம்... ம். தோல்ல கிழிசல் இல்ல. முதல் தரம்."

"அண்ணி! எங்கண்ணன் வயித்துல இருந்து வந்ததுங்க அது! உங்க பட்டறைச் சரக்கா?" என்று கத்தினாள் ரெய்கோ.

கினுயோவுக்குக் காது சுட்டது. "மன்னிச்சிடுங்க டாக்டர். பழக்க தோஷம்," என்று மறுபடி மறுபடி குனிந்தாள்.

"எதுக்கும்மா மன்னிப்பு? நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். உறை முழுசா வந்திருக்கு. இரைப்பைல விழுந்த ஓட்டையையும் உள்ளேயே கிளிப் போட்டு மூடியாச்சு. பரிசோதனை முடிவு வரணும். ஆனா இப்போதைக்கு வயித்தத் திறக்க வேண்டியதில்ல."

கினுயோ சரி என்று தலையாட்டினாள். சந்தோஷமும் வரவில்லை.

யசுஹிரோ கண் விழித்ததுமே ரெய்கோ எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாள். ஓட்டை, கிளிப், அண்ணி கொடுத்த சான்றிதழ், ஒன்று விடாமல்.

"முதல் தரமா?" அவன் குரல் கம்மியிருந்தது. "கல்யாணமாகி இத்தன வருஷத்துல என்னைய ஒரு நாளாவது அப்படிச் சொல்லியிருக்கியாடி?"

"முதல் தரமெல்லாம் கடைக்குப் போயிடும்," என்றாள் கினுயோ, போர்வையை இழுத்துவிட்டபடி. "கிழிஞ்சதத்தான் நாங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போவோம். சீக்கிரம்..."

வந்துடுங்க என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.